நியூசிலாந்தின் 53, இந்தியாவின் 14: உழவும் உணவும் விடும் வாயுக்கள் பற்றி சேலத்தில் கேட்கப்படும் கேள்விகள்

பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில், நியூசிலாந்து வெளியிடுவதில் 53 சதவீதம் வேளாண்மையிலிருந்து வருகிறது. இந்தியாவில் அந்தப் பங்கு 14 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டினால் சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கத்து மாணவர்களும் சரி, கறவை மாடு வைத்திருப்பவர்களும் சரி, ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நமக்கு 14, அவர்களுக்கு 53 என்றால், நம் விவசாயம் அவர்களுடையதைவிடச் சுத்தமானது என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. இந்த முடிவுக்குத்தான் பலரும் முதலில் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சதவீதம் என்பது ஒரு மொத்தத்தில் கிடைக்கும் பங்கு. அந்த மொத்தத்தில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துப் பங்கு ஏறும், இறங்கும். 2020ஆம் ஆண்டுக்கு இந்தியா ஐ.நா.விடம் கொடுத்த கணக்கின்படி, காடுகள் உறிஞ்சியதைக் கழிக்காமல், நாட்டின் மொத்த உமிழ்வு 295.9 கோடி டன். எல்லா வாயுக்களையும் கரியமில வாயுவுக்கு ஈடாக மாற்றிக் கூட்டிய அளவு இது. இதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எரிசக்தித் துறையுடையது. மேட்டூர் அனல் மின்நிலையத்தைப் போல நாடு முழுவதும் நிலக்கரி எரிக்கும் நிலையங்கள், அவற்றோடு லாரிகள், ஆலைகள். இவ்வளவு பெரிய மொத்தத்தில் வேளாண்மை 13.7 சதவீதமாகச் சுருங்கித் தெரிகிறது.

நியூசிலாந்திலோ மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர், புவிவெப்பம், காற்று ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. கனரகத் தொழில் அதிகம் இல்லை. மொத்தம் சிறியதாக இருப்பதால் மாடும் ஆடும் பெரிதாகத் தெரிகின்றன.

இப்படி யோசித்துப் பாருங்கள்: மேட்டூரிலும் மற்ற ஊர்களிலும் நிலக்கரி எரிப்பது நாளையே நின்றுபோனால், ஒரு மாடுகூட அதிகமாகாமலேயே இந்திய வேளாண்மையின் பங்கு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அதனால் விவசாயம் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்களா? 14 என்ற எண் நம் உழவைப் பற்றிச் சொல்வதைவிட நம் நிலக்கரியைப் பற்றிச் சொல்வதே அதிகம்.

சரி, டன் கணக்கில் பார்த்தால் யார் அதிகம்?

இந்தியாதான். நம் வேளாண்மையின் உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டன். நியூசிலாந்தின் 2022ஆம் ஆண்டு மொத்தமே 7.84 கோடி டன். அதில் 53 சதவீதம் என்றால் 4.2 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நம்முடையது ஏறக்குறைய பத்து மடங்கு.

ஆனால் நாம் 140 கோடிப் பேர். அவர்கள் அரைக் கோடியைச் சற்றே தாண்டியவர்கள். தலைக்கு வகுத்தால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 290 கிலோ, நியூசிலாந்தில் சுமார் 8 டன். இப்போது அவர்கள் நம்மைப் போல 28 மடங்கு.

பங்கில் நான்கு மடங்கு, டன்னில் பத்தில் ஒன்று, தலைக்கு 28 மடங்கு. மூன்றும் உண்மை. எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் ஒன்றை மட்டும் எடுத்து நீட்டுபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவரிடம் மற்ற இரண்டையும் கேளுங்கள்.

அந்த 8 டன் முழுவதும் நியூசிலாந்துக்காரர்கள் சாப்பிடுவதாலா?

இல்லை. அந்த நாட்டுப் பாலில் சுமார் 95 சதவீதம் பால்பவுடராகவும் வெண்ணெயாகவும் பாலாடைக்கட்டியாகவும் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. ஐ.நா. விதிப்படி உமிழ்வு எந்த மண்ணில் நடந்ததோ அந்த நாட்டின் கணக்கில்தான் சேரும். குடித்தவர் கணக்கில் சேராது. சீனாவில் ஒரு குழந்தை குடிக்கும் பாலுக்காக மாடு விட்ட மீத்தேன் என்ற பசுங்குடில் வாயு நியூசிலாந்தின் ஏட்டில்தான் இருக்கும்.

இதே விதி நமக்குச் சாதகமாக வேலை செய்யும் இடமும் உண்டு. ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் பாக்கெட்டை நினைத்துப் பாருங்கள். உலகிலேயே பாமாயிலை அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அந்த எண்ணெய் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அங்கே காட்டை அழித்து, சதுப்பு நிலத்தை வடித்துச் செம்பனை நட்டதால் வெளியேறிய கரியமில வாயு அந்த நாடுகளின் கணக்கில் இருக்கிறது. அந்த எண்ணெயில் பொரித்த பலகாரத்தைச் சாப்பிடுவது நாம். நம் பால் பெரும்பாலும் நம் வீட்டிலேயே குடிக்கப்படுகிறது. நம் சமையல் எண்ணெயின் கதை அப்படி இல்லை.

மாடு எப்படி வாயு விடுகிறது? சாணத்திலிருந்தா?

சாணத்திலிருந்து வருவது குறைவு. பெரும்பங்கு வாய் வழியாக வருகிறது.

தலைவாசல் பக்கம் ஒரு கொட்டகையில் மதிய நேரத்தில் படுத்திருக்கும் கலப்பினப் பசுவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். காலையில் சோளத்தட்டு தின்றிருக்கும், தொட்டியில் திப்பி (மரவள்ளி அரைத்த சக்கை) கலந்த தண்ணீர் குடித்திருக்கும். இப்போது கண்ணைப் பாதி மூடி அசைபோடுகிறது. விழுங்கியதும் தாடை சற்று நிற்கும். கழுத்தின் அடியிலிருந்து ஓர் உருண்டை மேலே ஏறுவது தோலுக்கு வெளியிலேயே தெரியும். மறுபடியும் தாடை அசையத் தொடங்கும். இதற்கிடையே ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, சத்தமே இல்லாமல், ஓர் ஏப்பம் போகும். மீத்தேன் அதில்தான் இருக்கிறது.

நம்மால் செரிக்க முடியாத தட்டையையும் வைக்கோலையும் பசுவின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் நொதிக்க வைத்துப் பசுவுக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. அப்போது மிஞ்சும் ஹைட்ரஜனை வேறு சில நுண்ணுயிரிகள் எடுத்து மீத்தேனாக மாற்றுகின்றன. பசுவுக்கு அது பயன்படாததால் வெளியே தள்ளிவிடுகிறது. தீனியில் இருந்த சக்தியில் ஒரு பகுதி இப்படிக் காற்றில் போவதால், மாட்டுக்காரருக்கும் இது நட்டம்தான்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வேளாண் கணக்கில் இந்தக் குடல் நொதித்தல் மட்டும் சுமார் 55 சதவீதம். மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு பசுங்குடில் வாயு 19 சதவீதம், நெல் வயல் 17.5 சதவீதம். மீதி சாணத்தைக் கையாளுவதிலும் அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாளை எரிப்பதிலும் வருகிறது. நியூசிலாந்திலோ வேளாண் உமிழ்வில் முக்கால் பங்குக்கு மேல் குடல் நொதித்தல்தான். அங்கே நெல் வயல்கள் கிடையாது.

நம் மாடு அதிகம் விடுகிறதா, அவர்கள் மாடா?

ஒரு மாட்டுக்கு என்று கேட்டால் அவர்களுடையது. ஒரு லிட்டர் பாலுக்கு என்று கேட்டால் நம்முடையது.

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2006இல் வெளியிட்ட கணக்கீட்டு வழிகாட்டியில் பகுதிவாரியாக ஒரு சராசரி அட்டவணை இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அடங்கிய பகுதியின் கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 90 கிலோ மீத்தேன், பால் 2,200 கிலோ. இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு 58 கிலோ மீத்தேன், பால் 900 கிலோ. வகுத்தால் அங்கே ஒரு கிலோ பாலுக்கு 41 கிராம், இங்கே 64 கிராம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கறவை கூடியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கறக்கும் சேலம் மாவட்டத்துக் கலப்பின மாடுகள் இந்தச் சராசரிக்குள் அடங்காதவை.

காரணம் எளிது. கறந்தாலும் கறக்காவிட்டாலும் மாடு தன் உயிரைத் தாங்கத் தின்ன வேண்டும். அந்தத் தீனிக்கும் மீத்தேன் உண்டு. பால் கூடினால் அந்த அடிப்படைச் செலவு அதிக லிட்டருக்குப் பகிர்ந்துபோகும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 19.25 கோடி மாடுகளும் 10.98 கோடி எருமைகளும் இருந்தன. அவற்றில் வற்றிய மாடுகள், காளைகள், கன்றுகள், தெருவில் திரிபவை எல்லாம் அடக்கம். அவையும் தினமும் அசைபோடுகின்றன.

நம் மாட்டின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. அது தின்பது சோளத்தட்டும் கடலைக்கொடியும் தவிடும் புண்ணாக்கும். மனிதர் தின்ன முடியாத எச்சங்கள் அவை. கொடுப்பது பால் மட்டுமல்ல, எருவும்தான். பால் லிட்டரை மட்டும் வைத்து வகுக்கும் கணக்கில் எருவுக்கு இடமே இல்லை.

இரண்டு நாடுகளும் ஒரே முறையில்தான் கணக்கிடுகின்றனவா?

முறை பொதுவானது. ஆனால் மாற்று விகிதம் வேறு. பலரும் பார்க்கத் தவறும் இடம் இது.

ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கரியமில வாயுவுக்குச் சமம்? நூறு ஆண்டுக் கால வெப்ப விளைவை வைத்து அறிவியலாளர்கள் ஓர் எண்ணைத் தருகிறார்கள். 1990களின் அறிக்கையில் அது 21. பின்னால் வந்ததில் 28. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுக் கணக்கு பழைய 21ஐப் பயன்படுத்தியது. நியூசிலாந்தின் 2022 கணக்கு 28ஐப் பயன்படுத்துகிறது. நம் குடல் நொதித்தல் 21 வைத்தால் சுமார் 22 கோடி டன். 28 வைத்தால் கிட்டத்தட்ட 30 கோடி டன். மாடுகளின் எண்ணிக்கை மாறவில்லை, ஏப்பம் மாறவில்லை, பெருக்கும் எண் மட்டும் மாறியது.

இருபது ஆண்டுக் கால விளைவைப் பார்த்தால் மீத்தேன் 80 மடங்குக்கு மேல் வலுவானது. அது காற்றில் சுமார் 12 ஆண்டுகள் இருந்து கரைந்துவிடும்; கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் தங்கும். மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் வாழ்நாளிலேயே தெரியும் என்பதால்தான் உலகம் மாட்டையும் நெல்லையும் இவ்வளவு கூர்ந்து பார்க்கிறது.

‘வேளாண்மையின் பங்கு’ என்பதும் ‘உணவின் பங்கு’ என்பதும் ஒன்றா?

இல்லை, உணவின் பங்கு இன்னும் பெரியது. ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம், நமக்குத் தெரிந்த பொருள்.

ஆத்தூர் பக்கத்து மேட்டு நிலத்தில் மரவள்ளி நட்டு யூரியா போடுகிறார்கள். மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு ‘வேளாண்மை’ கணக்கில் சேரும். அந்த யூரியாவைத் தொழிற்சாலையில் தயாரித்தபோது வந்த உமிழ்வு ‘எரிசக்தி’யிலும் ‘தொழில்’ கணக்கிலும் சேரும். கிழங்கை ஏற்றிவந்த லாரியின் டீசல் ‘எரிசக்தி’. சேகோ ஆலையில் அரைக்கவும் வறுக்கவும் ஆன மின்சாரமும் எரிபொருளும் அப்படியே. மாவு கலந்த கழிவுநீர் திறந்த குட்டையில் தேங்கிப் புளித்து விடும் மீத்தேன் ‘கழிவு’ கணக்கு. கடைசியில் நம் வீட்டில் பாயசம் காய்ச்சிய சிலிண்டர் மறுபடியும் ‘எரிசக்தி’. ஒரு கிண்ணம் ஜவ்வரிசிப் பாயசம் நாட்டின் நான்கு ஏடுகளில் சிதறிக் கிடக்கிறது. 14 சதவீதம் என்பது அதில் ஓர் ஏடு மட்டும்.

எல்லா ஏடுகளையும் சேர்த்து, காடழிப்பையும் கூட்டினால் உலக உமிழ்வில் உணவின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 2021இல் வெளியான ஓர் ஆய்வு 2015ஆம் ஆண்டுக்கு 34 சதவீதம், அதாவது 1,800 கோடி டன் என்று கணக்கிட்டது. ஆகவே ஒரு நாட்டின் ‘உணவு’ எண்ணை இன்னொரு நாட்டின் ‘வேளாண்மை’ எண்ணோடு வைத்து ஒப்பிட்டிருந்தால் அந்த ஒப்பீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சேகோ கழிவுநீரைப் பற்றி ஒரு வார்த்தை: அதே தண்ணீரை மூடிய கலனில் புளிக்க வைத்து, எரிவாயுவைப் பிடித்து ஆலைக்கே எரிபொருளாகவும் மின்சாரமாகவும் பயன்படுத்தும் ஆலைகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. நாற்றம் குறைகிறது, செலவு குறைகிறது, மீத்தேனும் குறைகிறது. சேலத்தில் முதலில் பரவலாக்க வேண்டிய வேலை இது என்பது என் உறுதியான கருத்து.

நெல்லில் என்ன செய்யலாம்?

தேங்கிய நீருக்கடியில் காற்று இல்லாத சேற்றில்தான் மீத்தேன் உருவாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால், அதாவது வயலில் நீர் வற்றி மண் லேசாக வெடிப்பு விடத் தொடங்கும்போது அடுத்த தண்ணீர் பாய்ச்சினால், மீத்தேன் பாதி அளவுக்குக்கூடக் குறையும். மேட்டூர் கால்வாய்ப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் தண்ணீர் மிச்சமாவது கூடுதல் லாபம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

ஏற்காடு காபித் தோட்டங்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன?

உரம் ‘வேளாண்மை’யில் வரும். நிழல் மரங்கள் அதில் வராது.

சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன். இன்றும் அங்கே காபி பெரும்பாலும் சில்வர் ஓக், பலா மரங்களின் நிழலில், மிளகுக் கொடிகளோடு வளர்கிறது. அந்த மரங்கள் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கும் கார்பன் ‘நிலப் பயன்பாடும் காடுகளும்’ என்ற தனி ஏட்டில் போகிறது. 2020இல் இந்தியாவின் காடுகளும் நிலங்களும் சுமார் 52 கோடி டன் உறிஞ்சியதாக அந்த ஏடு சொல்கிறது. நிழல் மரத்தை வெட்டிவிட்டு வெட்டவெளிக் காபிக்கு மாறினால் வேளாண் பங்கில் பெரிய மாற்றம் தெரியாது. இழப்பு முழுவதும் வேறு ஏட்டில் பதிவாகும். தோட்டக்காரர்கள் நிழல் மரங்களைக் காப்பாற்றுவது நாட்டுக்குச் செய்யும் உதவி. அதற்கு விலையில் ஓர் அங்கீகாரம் கிடைக்க வேண்டும்.

மேச்சேரி ஆடுகளும் மீத்தேன் விடுமா?

விடும். அசைபோடும் எல்லா விலங்கும் விடும். வளரும் நாடுகளில் ஆடு ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 கிலோதான். மாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நியூசிலாந்து இதைக் குறைக்க என்ன செய்தது?

நிறைய முயன்றது, நிறையப் பின்வாங்கியது. 2003இல் கால்நடைகளுக்கு ஒரு வரி போடப் பார்த்தார்கள். விவசாயிகள் எதிர்த்ததால் கைவிட்டார்கள். 2019இல் சட்டம் போட்டு, உயிர்வழி மீத்தேனை (கால்நடையிலிருந்தும் குப்பையிலிருந்தும் வருவது) 2017 அளவிலிருந்து 2030க்குள் 10 சதவீதமும், 2050க்குள் 24 முதல் 47 சதவீதமும் குறைப்பதாக உறுதி சொன்னார்கள். 2022இல் பண்ணை உமிழ்வுக்கு விலை வைக்கும் திட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் அது ஓரங்கட்டப்பட்டது. 2025இல் 2050க்கான இலக்கையே 14 முதல் 24 சதவீதமாகத் தளர்த்துவதாக அரசு அறிவித்தது. நாட்டின் வருமானமே பாலில் இருக்கும்போது இது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் அனுபவம் காட்டுகிறது. ஆனாலும் தலைக்கு 8 டன் விடும் பணக்கார நாடு இலக்கைத் தளர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2021 மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா ஏன் சேரவில்லை?

கிளாஸ்கோ மாநாட்டில் வந்த அந்த உறுதிமொழி, 2020 அளவிலிருந்து 2030க்குள் உலக மீத்தேனை 30 சதவீதம் குறைக்கச் சொன்னது. நியூசிலாந்து கையெழுத்திட்டது. இந்தியா இடவில்லை. ஓரிரு மாடும் ஓரிரு ஏக்கரும் வைத்துப் பிழைப்பவர்களின் உமிழ்வைச் சொகுசு உமிழ்வோடு சேர்க்கக் கூடாது என்பது நம் அரசின் வாதம். அந்த வாதம் நியாயமானது. அதைச் சொல்லிவிட்டு, சேகோ குட்டைகளையும் குப்பைக் கிடங்குகளையும் அப்படியே விட்டுவைப்பது நியாயமாகாது. அவற்றில் ஏழை விவசாயி யாரும் இல்லை.

அப்படியானால் மாட்டை விற்றுவிட வேண்டுமா?

வேண்டாம். இரண்டு மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்திடம் போய் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. செய்யக்கூடியவை அவர்களுக்கே லாபமானவை: உலர்ந்த தட்டையை மட்டும் போடாமல் கோ 5 போன்ற பசுந்தீவனமும் வேலிமசாலும் சேர்ப்பது, தட்டையை நறுக்கிப் போடுவது, தாது உப்பு கொடுப்பது, சினைப் பருவத்தைத் தவறவிடாமல் வற்றிய காலத்தைக் குறைப்பது. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் உருவாக்கிய ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்க்கை மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. நியூசிலாந்து மாடுகள் ஆண்டு முழுவதும் புல்வெளியில் மேய்பவை. ஒவ்வொன்றுக்கும் தினமும் மருந்து கலந்த தீனி கொடுப்பது அங்கே பெரும்பாடு. நம் மாடு தொட்டியில் வாய் வைத்துத் தின்கிறது. எதைக் கலந்தாலும் வயிற்றுக்குள் போய்விடும்.

எங்கள் வீட்டு மாடுகளின் கணக்கை நாங்களே போட முடியுமா?

முடியும், பத்தாம் வகுப்பு மாணவர்கள் வகுப்பறையிலேயே போடலாம். வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருந்தால் 2 × 58 = 116 கிலோ மீத்தேன். 28ஆல் பெருக்கினால் 3,248 கிலோ, அதாவது ஆண்டுக்கு 3.2 டன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. ஆகவே இரண்டு மாடுகளின் ஓர் ஆண்டு ஏப்பம் சுமார் 1,400 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் அது 21,000 கிலோமீட்டர். அடுத்து, அந்த இரண்டு மாடுகள் ஓர் ஆண்டில் கறந்த பாலை சொசைட்டி அட்டையிலிருந்து கூட்டி, 116 கிலோவை அதனால் வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 41 கிராமுக்குக் கீழே வந்தால், அந்தப் பழைய அட்டவணையின் நியூசிலாந்துப் பகுதிச் சராசரியை உங்கள் வீட்டு மாடுகள் தாண்டிவிட்டன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும், அதற்கு 58 போதாது, 80 என்று வைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.